கப்பலுக்கு மாடி எடுத்த கதை

போர்க்கப்பல் கட்டுவது என் தொழில் என்று தஞ்சாவூரில் சொன்னால், "துறைமுகம் எந்தப் பக்கம் இருக்கு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். துறைமுகம் வேண்டாம், ஊர்க்குளம் போதும். நான் கட்டுவது மாதிரிக் கப்பல்கள். ரிமோட்டில் ஓடும். சைக்கிள் பேரிங் குண்டு போன்ற இரும்புக் குண்டுகளால் ஒன்றையொன்று சுட்டு மூழ்கடிக்கும். குண்டு துளைக்க வேண்டும் என்பதற்காகவே அடிப்பாகத்தை மெல்லிய மரப்பலகையால்தான் மூடவேண்டும் என்பது போட்டி விதி. தளத்துக்கு மேலே நிற்கும் கோபுரம், புகைபோக்கி வகையறாவுக்கு அப்படி விதி இல்லை. அதை நாங்கள் மாடி என்போம். வாடிக்கையாளரை நம்பிப் பிழைக்கும் சக பாவிகளே, என் வயிற்றெரிச்சல் முழுவதும் அந்த மாடியில்தான் குடியிருக்கிறது.

தெர்மாகோல்

முதல் கப்பலுக்குத் தெர்மாகோலில் மாடி எடுத்தேன். லேசாக இருந்தது, வெட்டவும் சுலபம். வாங்கியவர் பேராவூரணியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ராமலிங்கம் அண்ணன். டிராக்டரோ மோட்டாரோ, பூஜை போடாமல் எதையும் கிளப்பமாட்டார். குளக்கரையில் கப்பலுக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆயிற்று. பக்தியோடு கண்ணை மூடினேன். திறப்பதற்குள் மனிதர் கற்பூரத்தை மாடி உச்சியிலேயே வைத்துக் கொளுத்திவிட்டார்.

எதிரிக்கு ஒரு குண்டுகூடச் செலவு வைக்காமல் மாடி உருகித் தளத்தில் அப்பிக்கொண்டது. அண்ணன் துளியும் கலங்கவில்லை. எரிந்துகொண்டிருந்ததைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னார்: "சாமி ஏத்துக்கிச்சுன்னு வச்சுக்குவோம் தம்பி. அடுத்த மாடி எப்ப தருவீங்க?"

அக்ரிலிக்

கப்பலோடு பெயர்ப்பலகைக் கடையும் எனக்கு உண்டு. வக்கீல்களையும் டாக்டர்களையும் வருஷக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் தாங்கும் அக்ரிலிக், ஒரு மாடியைத் தாங்காதா என்று நினைத்தேன். எதிர்க்கப்பல் கூத்தாநல்லூர் பஷீர் பாயுடையது. சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர், குறி தவறாதவர். அவருடைய முதல் குண்டுக்கே மாடி கண்ணாடி டம்ளர் மாதிரிச் சிதறியது.

இன்னொரு தடவை மாடி உடைந்தால் கப்பலை வெளிநாட்டிலிருந்தே வரவழைத்துக்கொள்வதாக ராமலிங்கம் அண்ணன் கரையிலேயே அறிவித்தார். அவர் போனால், அவரைப் பார்த்து வந்த மற்றவர்களும் போய்விடுவார்கள். அப்புறம் நானும் கப்பலும் குளமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பஷீர் பாய் ஆறுதல் சொல்ல வந்தார்: "நான் அடியிலதாங்க சுட்டேன். சத்தத்துக்கே மேல கொட்டிருச்சு போல."

வெண்கலம்

இனி என்னை நம்பிப் பயனில்லை என்று அண்ணனே நேராகச் சுவாமிமலைக்குப் போய்விட்டார். தலைமுறைக்கும் உழைக்கிற மாதிரி ஒரு மாடி வேண்டும் என்று ஒரு ஸ்தபதியிடம் கேட்டிருக்கிறார். அவரும் மெழுகில் செய்து, மண் பூசி, உருக்கி ஊற்றி, மெருகேற்றிக் கொடுத்தார். அப்படி ஒரு அழகு. புகைபோக்கியைச் சுற்றித் தாமரை இதழ்கூட இருந்தது. "கனமா இருக்கேண்ணே" என்றேன். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் அதை அப்படியே தளத்தில் முடுக்கிவிட்டேன்.

தண்ணீரில் விட்டதும் கப்பல் ஒருபக்கமாகச் சாய்ந்து, தலைகுப்புறக் கவிழ்ந்து, சுடப்படாமலேயே வீரமரணம் அடைந்தது. சேற்றில் இறங்கித் துழாவி எடுத்தவன் நான்தான், வேறு யார்? வேடிக்கை பார்க்க வந்திருந்த ஸ்தபதி மாடியை வாங்கித் துண்டால் துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உழைக்குமான்னுதானே கேட்டீங்க. மிதக்குமான்னு கேக்கலையே."

மச்சான் பெட்டி

லேசாக இருக்கவேண்டும், அடி தாங்கவேண்டும், உருகவும் கூடாது, சிதறவும் கூடாது. இப்படி ஒரு பொருளுக்காகக் கும்பகோணம் வரை கடைகடையாக ஏறி இறங்கினேன். அது என் வீட்டுப் பரணிலேயே இருந்தது. துபாயிலிருந்து வரும் என் மச்சான் விட்டுப்போன சக்கரம் வைத்த பெட்டி. எத்தனை விமான நிலையங்களில் எப்படியெல்லாம் தூக்கி எறிந்திருப்பார்கள்! ஒரு விரிசல் இல்லை. அதன் பிளாஸ்டிக் ஓட்டின்மேல் சுத்தியலால் ஓங்கி அடித்தேன். பள்ளம் விழுந்ததே தவிர உடையவில்லை. சந்தோஷத்தில் அங்கேயே உட்கார்ந்து அறுத்துவிட்டேன்.

சத்தம் கேட்டு வந்த என் மனைவி, துண்டுதுண்டாகக் கிடந்த தம்பியின் பெட்டியைப் பார்த்தாள். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அவன் அடுத்த தடவ ஊருக்கு வந்தா, துணிமணியக் கப்பல்ல வச்சு அனுப்பிவிடுங்க."

கடைசிச் சண்டை

பெட்டி ஓட்டு மாடியோடு அண்ணன் கப்பல் மறுபடி பஷீர் பாயைச் சந்தித்தது. குண்டுகள் மாடியில் பட்டுப் பட்டுத் தெறித்தன. அது அசையவே இல்லை. ஆனால் அடிப்பாகம் விதிப்படி மெல்லிய பலகையாயிற்றே! சல்லடையாகித் தண்ணீர் புகுந்து, கப்பல் கரையோரம் மூழ்கித் தரை தட்டியது. அங்கே ஆழம் இல்லாததால் மாடி மட்டும் வெளியே கம்பீரமாக நின்றது. என் தொழில் அன்றோடு முடிந்தது என்று மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். பஷீர் பாய் ஜெயித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். ராமலிங்கம் அண்ணன் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாடியையே பார்த்துக்கொண்டு நின்றவர், என் தோளில் தட்டினார்: "கப்பல் கெடக்குது விடுங்க தம்பி. மாடி நிக்குது பாத்தீங்களா! அடுத்ததும் நீங்கதான் கட்டுறீங்க."

ஆக, மூழ்குவதற்கென்றே கட்டப்படும் கப்பலுக்குக் காலத்துக்கும் உழைக்கும் மாடி எடுத்துக் கொடுத்துத்தான் இன்றுவரை என் பிழைப்பு மிதந்துகொண்டிருக்கிறது.