எரிந்த பத்தனையில் என் பசு

பெரிய யுத்தத்துக்கு முந்திய ஓர் ஆடி மாதம். மலைநாட்டில் மடுல்சீமைப் பக்கம் நாங்கள் தேயிலைக் கொழுந்து பறித்த தோட்டத்துக்கு மேலே பத்தனை. மானாப்புல், புதர், நடுநடுவே நெல்லிமரம் என்று கிடக்கும் வெட்டவெளி அது. என் கைக்குழந்தைக்குக் கொடுக்க என்னிடம் பால் ஊறவில்லை. எங்கள் பசுவின் பாலில்தான் அவள் உயிர் ஓடியது. அந்தப் பசுவைப் பத்தனையில் முளையடித்துக் கட்டிவிட்டு வேலைக்குப் போவேன்.

இளம்புல் வரட்டும் என்று மாட்டுக்காரர்கள் வெயில் காலத்தில் பத்தனைக்குத் தீ வைப்பார்கள். அன்று காற்று திரும்பிவிட்டது. கூடையை வீசிவிட்டு ஓடினேன். கயிற்றை அவிழ்ப்பதற்குள் தீ கீழேயிருந்து ஏறி வந்தது. கீழே நின்ற என் வீட்டுக்காரர் கத்தினார்: “மேல ஓடாத புள்ள, நெருப்பு உன்ன முந்திக்கும்!”

வேறு எங்கே ஓடுவது? அப்போது ஒரு முயல், தீ தணிந்து வந்த ஓரமாகப் பார்த்து அதற்குள்ளேயே பாய்ந்தது. மறுபக்கம் எரிந்து முடிந்த கருப்பு நிலம். முதுகில் போட்டிருந்த கம்பளியைப் பசுவின் முகத்தில் போர்த்தி, முருகா என்று நானும் அதே வழியில் இழுத்துக்கொண்டு தாண்டினேன். என் பாதமெல்லாம் கொப்புளம். பசுவின் மூச்சைக் கேட்டபிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

பிழைத்தும் என்ன பயன்? மேய ஒரு புல் இல்லை. தேயிலைக்கு நடுவே மழைத்தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் அறுத்த புல் பசுவுக்குப் போதவில்லை. பால் சுண்டியது, பிள்ளை சிணுங்கிக்கொண்டே கிடந்தாள்.

“எலும்பாப் போறதுக்குள்ள மாட்ட வித்துருவோம் புள்ள” என்றார் அவர்.

மனசு கேட்காமல் பத்தனைக்குப் போய் முளைக்குச்சியைப் பிடுங்கினேன். மேல்பாதி கரி. மண்ணுக்குள் இருந்த பாதி கருகவே இல்லை, தொட்டால் குளிர்ந்தது. பக்கத்துப் பொந்திலிருந்து ஓர் அரணை வெளியே வந்து, ஒன்றுமே நடக்காதது போல வெயில் காய்ந்தது. வீட்டுக்கு ஓடி வந்தேன்.

“கொஞ்சம் பொறுங்க, மண்ணு சாகலைங்க” என்றேன். அவரும் விற்பதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போட்டார்.

மழையே விழவில்லை, இரவுப் பனி மட்டும்தான். அதற்கே கரிக்கட்டையாக நின்ற மானாத் தூர்களிலிருந்து பச்சை ஊசி ஊசியாகக் கிளம்பியது. பட்டை கருகிய நெல்லியில் செந்தளிர் விட்டது. பசுவை அங்கேயே மேயவிட்டேன், மெல்ல மெல்லப் பால் ஊறியது. ஒரு சாயந்திரம் என் மகள் வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கினாள்.

எரிந்து கிடக்கும் மலையைப் பார்த்து யாராவது ‘எல்லாம் போச்சு’ என்றால், இப்போதும் என்னால் தலையாட்ட முடிவதில்லை. என் பிள்ளைக்குப் பால் தந்தது அந்தக் கருப்பு நிலம்தான்.