நியூட்ரல்ல வுட்டுட்டுப் போங்க

கல்யாணத்துல சாப்பாடு நல்லா இருந்தா சமையல்காரருக்குப் பேரு, வண்டிய வெளிய எடுக்க முடியலன்னா பார்க்கிங் பாக்கறவளுக்குத் திட்டு. இதுதான் எங்க தொழிலு. மண்டப வாசல்ல விசிலோட வெயில்ல நிக்கிற என் சக பாவிங்களுக்கு இத நான் சொல்லவே வேணாம். மத்தவங்க கேட்டுக்குங்க.

கள்ளக்குறிச்சியில ஒரு மண்டபத்துல வைகாசியில வேலைக்குச் சேந்தேன். கரும்பு வெட்டப் போய்கினு இருந்தவளுக்கு மாசச் சம்பளம், உக்கார ஒரு நாற்காலி. இந்த வேலைய வுட்டா மறுபடியும் கத்தியத்தான் எடுக்கணும். ஒரே ஒரு குறை, எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. மேனேஜர் கேக்கல, நானும் வாயத் தொறக்கல. வர்றவங்ககிட்ட எல்லாம் "நியூட்ரல்ல வுட்டுட்டு, ஹேண்ட்பிரேக் போடாம போங்க"ன்னு சொல்லிடுவேன். எந்த வண்டி மறிச்சாலும் முந்தானைய இடுப்புல சொருவிகினு தள்ளிடுவேன். கரும்புக் கட்டு தூக்குன ஒடம்புக்கு ஒரு காரு இன்னா பெருசு?

சும்மா நிக்குது

சின்னசேலத்துலேந்து ஒருத்தர் வந்தாரு. நட்ட நடு கேட்டுல காரை நிறுத்தி, ரெண்டு பக்க இண்டிகேட்டரையும் மினுக்க வுட்டுட்டு, "தோ, அஞ்சு நிமிஷம்"னு உள்ள பூந்துட்டாரு. நம்ம ஆளுங்களுக்கு அந்த லைட்டுமேல அப்படி ஒரு நம்பிக்கை. அத்தப் போட்டுட்டா வண்டி கண்ணுக்கே தெரியாதுன்னு நெனப்பு. பின்னாலயே மாப்பிள்ளை காரு வந்து ஹாரன் அடிக்குது, மேளக்காரங்க ரோட்டுல நிக்கறாங்க. தள்ளிப் பாத்தேன், அசையல. ஹேண்ட்பிரேக்க இழுத்துப் போட்டிருக்காரு.

ஓடிப்போய்த் தேடுனா, மனுஷன் பந்தியில பாயாசத்துல அப்பளத்த நொறுக்கிகினு இருக்காரு. இலைக்கு முன்னால போய் நின்னேன். கோவமே படாம நிமிந்து பாத்துச் சொன்னாரு: "நான் எங்கம்மா நிறுத்துனேன்? லைட்டு எரியுது பாரு, சும்மா நிக்குது."

நாலு தடவ

திருக்கோவிலூர்லேந்து ரிடையர்டு வாத்தியார் ஒருத்தரு. காரைப் பூட்டிட்டுப் பத்தடி போவாரு, திரும்பி வந்து கதவ இழுத்துப் பாப்பாரு. மறுபடி போவாரு, மறுபடி வருவாரு. இப்படி நாலு தடவ. அதுக்குள்ள அவரு சம்சாரம் உள்ள போய் காப்பியே குடிச்சி முடிச்சிட்டாங்க.

கொஞ்ச நேரத்துல மழை புடிச்சிகிச்சி. சுத்தி வந்து பாத்தா, அந்தப் பக்கம் பின் கண்ணாடி முழுக்க எறங்கிக் கெடக்குது, சீட்டு மேல அந்தம்மாவோட பட்டுப்பொடவ பையி. பந்தல்காரர்கிட்ட ஒரு தார்ப்பாய் வாங்கிப் போத்திட்டு ஆள் அனுப்புனேன். வந்து பாத்தவரு அந்தப் பக்கத்துக் கதவையும் ஒரு தடவ இழுத்துப் பாத்தாரு. அப்புறம் சொன்னாரு: "கதவு பூட்டியிருக்கான்னுதாம்மா பாத்தேன், கண்ணாடிய யாரு பாத்தா?"

மலைக்காரர் ஜீப்பு

ஆனி மாசத்துக் கடைசி முகூர்த்தம். கல்வராயன் மலையிலேந்து ஒரு ஜீப்பு வந்துச்சி. டிரைவர் ஃபர்ஸ்ட் கியர்ல போட்டாரு, ஹேண்ட்பிரேக் இழுத்தாரு, வீல செவுத்துப் பக்கம் ஒடிச்சாரு, எறங்கி டயருக்குக் கீழ ஒரு கல்லும் வெச்சாரு. தாம்பாளம் மாதிரி சமமான தரை! நியூட்ரல்ல வுடுங்கன்னேன். காதுலயே வாங்கல.

அரை மணி நேரத்துல பின்னால நின்ன காரு வெளிய போவணும்னு நிக்குது. மேனேஜரே வந்துட்டாரு. நான் கல்ல எடுத்துட்டு மூச்சப் புடிச்சித் தள்றேன், ஜீப்பு நகருவேனான்னுது. பந்தியிலேந்து எச்சக் கையோட ஓடியாந்த டிரைவர், "நீங்களே எடுங்கக்கா"ன்னு இடது கையால சாவிய நீட்டுனாரு. வாங்கிகினு மரமா நின்னேன். குட்டு ஒடைஞ்சி போச்சி. அத்தினி பேரு முன்னால மேனேஜர் கேட்ட கேள்வியில நாக்கப் புடுங்கிக்கலாம்னு இருந்துச்சி. ஆவணி மொத முகூர்த்தத்துக்குள்ள கத்துக்கோ, இல்லன்னா சங்கராபுரத்துல ஒரு ஆளு இருக்கான்னு சொல்லிட்டுப் போய்ட்டாரு.

டிரைவர் கை கழுவிட்டு வந்து ஜீப்பை எடுத்தாரு. கண்ணத் தொடச்சிகினு நின்ன என்னைப் பாத்துட்டுச் சொன்னாரு: "எங்க மலையிலயே பொம்பளைங்க ஓட்டறாங்கக்கா, இந்த சமதரையில உங்களுக்கு இன்னா பயம்?"

ஏத்தத்துல

ஆடியில கல்யாணம் ஏது? டிரைவிங் ஸ்கூல்ல சேந்தேன். சொல்லிக்குடுத்தவரு வடக்கனந்தல்காரரு, சாது. பத்தாவது நாளு மலை ரோட்டுக்குக் கூட்டிகினு போய், ஏத்தத்துல நிறுத்திக் காட்டுன்னாரு. நிறுத்துனேன். இஞ்சின ஆஃப் பண்ணேன். பின்னால உருண்டுடுமோன்னு பதறிப்போய் குதிச்சி எறங்கி, ரோட்டோரமா தேடி ஒரு பெரிய கல்லா தூக்கியாந்தேன். அதுவரைக்கும் அவரு, தன் பக்கம் இருக்கிற தனி பிரேக்க மிதிச்சிகினே உக்காந்திருந்தாரு. கல்லோட நிக்கிற என்னை மேலயும் கீழயும் பாத்துட்டுக் கேட்டாரு: "ஏம்மா, உள்ள ஹேண்ட்பிரேக்குன்னு ஒண்ணு கீதே, அது இன்னாத்துக்கு?"

மேனேஜர் வண்டி

ஆவணி மொத முகூர்த்தம். லைசென்ஸ் வந்துடுச்சின்னு காட்டுனா மேனேஜர் அத்த திருப்பித் திருப்பிப் பாத்தாரு. கார்டு யாரு வேணா வாங்கலாம், இன்னிக்கு நீ எப்படி வேலை பாக்கறேன்னு பாத்துட்டு சாயங்காலம் முடிவு சொல்றேன்னாரு. அவருக்கு ஒரு பழக்கம்: நெழலுக்காக சமையல்கட்டு கேட்டை மறிச்சி வேப்பமரத்தடியில காரைக் கோணையா வுட்டுட்டு, சாவியையும் அதுலயே தொங்க வுட்டுட்டுப் போயிடுவாரு. அவரு வண்டிய எவன் தொடுவான்?

எட்டு மணிக்குத் தண்ணி லாரி வந்து நிக்குது. உள்ள டேங்கு காலி. மொத பந்தி எழுந்து கை கழுவ முடியாம அலையுது. மேனேஜருக்கு போன் போட்டா எடுக்கல. லாரிக்காரர் இன்னம் அஞ்சு நிமிஷம்தான்னுட்டாரு. ஒரு கீறல் வுழுந்தாலும் சாயங்காலம் வீட்டுக்குத்தான். சாமியக் கும்புட்டுட்டு ஏறி உக்காந்து, சீட்ட முன்னால இழுத்து, ரிவர்ஸ் எடுத்து, ரெண்டு காருக்கு நடுவுல கொண்டுபோய் வுட்டேன். லாரி உள்ள பூந்துச்சி.

அரை மணி கழிச்சி மேனேஜர் வந்தாரு. மரத்தடி காலியா இருக்கறதப் பாத்து மூஞ்சி செத்துப் போச்சி. நான் கையக் காட்டுனேன். காரைச் சுத்திச் சுத்தி வந்தாரு, குனிஞ்சி பம்பரைத் தடவிப் பாத்தாரு. அப்புறம் நிமிந்து சொன்னாரு: "என் வண்டி இவ்ளோ நேரா நின்னு நானே பாத்ததில்ல. சங்கராபுரத்து ஆள வர வேணாம்னு சொல்லிடறேன், சாவிய நீயே வெச்சிக்கோ."

இப்ப என் கவலையெல்லாம் இதுதான்: எனக்கு ஓட்டத் தெரியும்னு ஊருக்குத் தெரிஞ்ச நாள்லேந்து, ஒருத்தர்கூட வண்டிய ஒழுங்கா நிறுத்தறதே இல்ல, சாவிய என் கையில திணிச்சிட்டு நேரா பந்திக்குப் போய்கினே இருக்காங்க.