நகரி மூக்கில் மின்னாத கண்ணாடி

காலை ஏழு இருபதுக்குத் திருத்தணியில் ரயில் ஏறினேன். ஏகாம்பரகுப்பம் பத்து மைல். மூன்றாம் வகுப்புக்கு முப்பது நயா பைசா. இடம் இருந்தும் உட்காரவில்லை.

ஆந்திராவோடு எல்லை பிரிக்கும் அளவை வேலைக்காக என் மகன் குமரேசன் நகரி மலைக்குப் போயிருந்தான். உச்சியிலிருந்து கண்ணாடியால் வெயிலைத் திருப்புவார்கள். தொலைவிலுள்ள இன்னொரு மலையில் அந்த வெளிச்சத்தைக் குறிவைத்து அளப்பார்கள். கண்ணாடி பிடிப்பது இவன் வேலை. "பத்து மணிக்கு மாடியில நில்லும்மா. மூக்கு மேல மின்னும், அது நான்தான்" என்று சொல்லிப் போனான். நகரி உச்சியில் வானத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைக்கு மூக்கு என்றுதான் பெயர். தினமும் மின்னியது. திங்களன்று இல்லை. செவ்வாயும் இல்லை. நேற்றுச் சந்தையில் ஒருத்தி, சர்வேகாரன் ஒருவன் மலையில் உருண்டுவிட்டதாகச் சொன்னாள்.

எட்டு மணிக்கு ஏகாம்பரகுப்பத்தில் இறங்கி மலையடிவாரத்துக்கு ஜட்கா பிடித்தேன்.

"இன்னாத்துக்கும்மா அண்ணாந்து பாத்துக்கினே வர்றீங்க? மூக்கு எங்கியும் ஓடிப்போவாது" என்றார் வண்டிக்காரர்.

"விழுந்தது யார், தெரியுமா?"

"பேரு தெரியாதும்மா." குதிரையைத் தட்டி விரட்டினார்.

மலையை நெருங்க நெருங்க மூக்கு கரைந்து, பக்கத்துச் சிகரங்களோடு சேர்ந்து வெறும் பாறைச் சுவரானது. எந்த உச்சியைப் பார்ப்பது என்றே தெரியவில்லை.

ஒன்பதேகால். அடிவாரத்துக் கூடாரத்தில் காலில் கட்டோடு ஒருவர் படுத்திருந்தார். என் மகன் இல்லை. அரிசி மூட்டையோடு பின்னாலிருந்து வந்தவன்தான் குமரேசன்.

"நீ எங்கம்மா இங்க?"

"ஏன்டா மின்னவில்லை?"

"மின்னிக்கினுதான் கீது. திருத்தணி மலை அளவு முடிஞ்சிது, இப்ப வடக்கு மலைக்குக் காட்டுறோம். எந்தப் பக்கம் திருப்புறமோ அங்கதான் தெரியும்."

"ஒருமுறை எங்கள் பக்கம் திருப்பேன்."

"அளவு தப்பி நம்ம வூடு ஆந்திராவுக்குப் பூடுச்சின்னா திட்டமாட்டியே?"

கட்டுப் போட்டவர் சிரித்தார். நான் குமரேசனை மூட்டையை இறக்கச் சொல்லி அவன் இரண்டு கால்களையும் தொட்டுப் பார்த்தேன்.

பிற்பகல் மூன்று மணி ரயிலில் திரும்பினேன். வண்டி விலக விலக மூக்கு மறுபடி முளைத்தது.

மின்னாது என்று தெரியும். மறுநாள் பத்து மணிக்கு மாடிக்குப் போனேன். அந்நேரம் வடக்கு மலையில், முன்பின் தெரியாத யாரோ ஒருவர் என் மகனைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.