சுண்ணாம்புக் கோடு

நிலக்கரிச் சுரங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடம் கரியைப் பொடித்து, எரித்து, மிஞ்சிய சாம்பலை எடை போட்டவள் நான். எதையும் மூன்று தடவை சோதிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. பிறகு மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கல்லூரிக்கு வேதியியல் நடத்த வந்தேன். பெண்களுக்குக் கால்பந்து அணி தொடங்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, படிக்கிற காலத்தில் நானும் ஆடியிருக்கிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அந்தக் கல்லூரியின் முதல் கால்பந்துப் பயிற்சியாளர் ஆனது அப்படித்தான்.

மைதானம் என்று பெயர்தான். மூன்று பக்கமும் வயல், நான்காவது பக்கம் வாய்க்கால். கோடு போட வண்டியெல்லாம் கிடையாது. பிள்ளைகள் கோலமாவை எடுத்துக் குனிந்தபடியே இழுத்துவிடுவார்கள். மார்கழி வாசலில் பழகிய கை, கோணாது. பெனால்டி கட்டத்தின் மூலையில் ஒரு பூவையும் போட்டு வைப்பார்கள். நான் திட்டி அழிக்கச் சொல்வேன்.

முதன்முதலாக வெளியூர் அணி ஆட வந்த அன்று காலையில் தூறல். கோலமாவு கரைந்து ஓடிவிட்டது. "சுண்ணாம்புதான் நிக்கும்" என்றேன், வேதியியல்காரியாயிற்றே. வெள்ளையடிக்கிற சுண்ணாம்பு ஒரு மூட்டை நானே போய் வாங்கினேன். தண்ணீர் விட்டு நீற்றியதா, சூளையிலிருந்து அப்படியே வந்த சுட்ட சுண்ணாம்பா என்று கேட்கவும் கேட்டேன்.

"நீத்ததுதான் மேடம்" என்றார் கடைக்காரர்.

நம்பிவிட்டேன். ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போட்டுப் பார்த்திருந்தால், கொதிக்கிறதா இல்லையா என்று சற்று நேரத்தில் தெரிந்திருக்கும். ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று அவசரம், அப்படியே கோடு போட்டுவிட்டோம்.

இடைவேளைக்குச் சற்று முன் எங்கள் கோல்கீப்பர் பந்தின்மேல் பாய்ந்து, கோட்டில் முகம் பதிய விழுந்தாள். எழும்போதே வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினாள். ஓடிப்போய்க் கோட்டைத் தொட்டேன். ஈர மண்ணில் அது சுட்டது. சுட்ட சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும் என்று வகுப்பில் கத்துகிறவளே நான்தான்.

கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் தாய்ப்பால் விடச் சொன்னார், ஒருவர் நல்லெண்ணெய்.

"ஒண்ணும் விடக் கூடாது! தண்ணி, தண்ணி மட்டுந்தான்!" என்று கத்தினேன்.

பக்கத்து வயலில் போர்செட் இருந்தது. வயல்காரர் கையைப் பிசைந்தார். "த்ரீ பேஸ் கரண்ட் வர இன்னும் அரை மணி ஆவுமே மேடம்." வாய்க்கால் தண்ணீரோ சேறு. கைக்குட்டை நுனியால் துகள்களை ஒற்றி எடுத்துவிட்டு, இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரை ஊற்றச் சொன்னேன். எங்கள் பிள்ளைகளின் பாட்டில்கள் தீர்ந்தன. எதிரணிப் பெண்கள் தங்கள் பாட்டில்களை வரிசையாகக் கொண்டுவந்து நீட்டினார்கள். அவள் துள்ளினாள், என்னை விடச் சொல்லிக் கெஞ்சினாள். நான் விடவில்லை. கடைசி பாட்டிலும் தீர்ந்து சொட்டுகிற நேரத்தில் வயலில் மோட்டார் உறுமியது. அந்தச் சத்தத்தை என் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். குழாயடியில் இன்னும் கால் மணி நேரம் கழுவிய பிறகுதான் காரில் ஏற்றினேன்.

அவளுடைய அம்மா, களை எடுத்துக்கொண்டிருந்த வயலிலிருந்து கால் சேற்றோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். வேறு யாரும் சொல்வதற்கு முன் நானே எழுந்து நின்றேன்.

"என் தப்புதாங்க. சுண்ணாம்பைச் சோதிக்காம விட்டது நான்தான்."

"அதெல்லாம் இருக்கட்டுங்க. பிள்ளைக்குக் கண்ணு தெரியுமா? அதை மட்டும் சொல்லுங்க."

டாக்டர் பார்த்துக்கொண்டிருந்த அறையின் கதவைக் காட்டினேன். பெஞ்சின் இரண்டு கோடியில் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் மறுபடியும் கழுவி, மருந்து விட்டுப் பார்த்திருந்தார். மேலாகத்தான் புண், ஆறிவிடும், உடனே கழுவியதால் தப்பித்தது என்றார். அவளுடைய இடது கண்ணை மூடச் சொல்லி, விரல்களைக் காட்டினார்.

"மூணு" என்றாள். பிறகு சிவந்து நீர் வழிந்த அந்த ஒற்றைக் கண்ணை என் பக்கம் திருப்பினாள். "மேடம், உங்க புருவத்துல சுண்ணாம்பு ஒட்டியிருக்கு."

அவ்வளவுதான், நான் உடைந்துபோனேன். ஆஸ்பத்திரி என்றும் பாராமல் தேம்பித் தேம்பி அழுதேன். அப்பாடா என்று இருந்தது. அவளுடைய அம்மா கிட்டே வந்து, என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, முந்தானை நுனியால் மெல்லத் துடைத்தார்.

"கண்ணை மூடிக்குங்க. உள்ள விழுந்துடப் போவுது."