கிரேனில் தொங்கிய தையற்காரி

சிதம்பரத்தில் கீழவீதிக்குப் பக்கத்துச் சந்தில் எனக்கு ஒரு தையல் கடை. போன வருடம் ஒரு காலையில் சினிமாக் கம்பெனி வண்டி வாசலில் வந்து நின்றது. கடலூர் துறைமுகத்தில் சண்டைக் காட்சி எடுக்கிறார்களாம். கதாநாயகிக்கு டூப் போடும் பெண்ணைக் கயிற்றில் தூக்கும்போதெல்லாம் சுடிதார் இடுப்பில் கிழிகிறதாம். தையல் மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். துணைக்கு என் வீட்டுக்காரரும் வந்தார்.

அந்தப் பெண் உடைக்கு அடியில் இடுப்பையும் தொடையையும் சுற்றிக் கனமான பெல்ட் போட்டிருந்தாள். அதன் கொக்கிகள் துணியில் உள்ள ஓட்டை வழியாக வெளியே வந்து கயிற்றில் மாட்டும். ஓட்டையை இடம் மாற்றித் தைத்துக் கொடுத்தேன். மறுபடியும் கிழிந்தது.

"துணி எங்க இழுக்குதுன்னு கீழ இருந்து பாத்தா தெரியலியே" என்றேன்.

"அப்ப நீங்களே ஒரு தடவ மேல போயிட்டு வாங்கக்கா" என்றாள் அவள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஸ்டண்ட் மாஸ்டரோ, "பயம் இல்லன்னா ஏறுங்கம்மா" என்றார். பயம் இருந்தது. தலை மட்டும் சரியென்று தானாக ஆடிவிட்டது.

எனக்குச் சுடிதாரையும் பெல்ட்டையும் மாட்டினார்கள். முதலில் என் எடைக்கு மணல் மூட்டை கட்டிக் கிரேனில் தூக்கி இறக்கினார்கள். என் கொக்கிகளை உதவியாளர் இழுத்துப் பார்த்தார். மாஸ்டரும் தன் கையால் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். கீழே மெத்தை. "புடிக்கலன்னா ரெண்டு கையும் விரிங்க, ஒடனே எறக்கிடுவோம்" என்றார் மாஸ்டர்.

"ஏய், வாணாம்!" என்று வீட்டுக்காரர் கத்துவதற்குள் கால் தரையை விட்டுவிட்டது.

சிரிப்பு வந்தது பாருங்கள், அடக்கவே முடியவில்லை. படகுகள், உப்பனாறு, அப்பால் கடல், யார் வீட்டு மாடியிலோ காய்ந்த பாவாடை, எல்லாம் என்னைச் சுற்றி வந்தன.

"மாமா, சூப்பரா இருக்கு மாமா!"

மீன்கூடையோடு நின்ற பெண்கள் விசிலடித்தார்கள். சிரித்துக்கொண்டே இடுப்பைத் தடவினேன். உடம்பு முன்னால் சாயும்போது கொக்கி பின்னால் நகர்ந்து துணியைக் கிழித்தது. பிடிபட்டுவிட்டது!

இறங்கியதும் ஓட்டையை முதுகுப் பக்கமாக நீட்டி, ஓரத்துக்குக் கெட்டி நாடா வைத்துத் தைத்தேன். அடுத்த டேக்கில் அந்தப் பெண் படகின் கூரையிலிருந்து எகிறி, காற்றில் சுழன்று, மெத்தையில் வந்து விழுந்தாள். ஒரு நூல்கூடப் பிரியவில்லை. ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். இருவரும் சேர்ந்து குதித்தோம்.

திரும்பும்போது ஆலப்பாக்கம் வரைக்கும் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. கோபம் போல என்று நானும் சும்மா இருந்தேன். பிறகு ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்:

"எனக்கும் ஒரு தடவ கேட்டிருக்கலாம்ல?"