காரிலிருந்து முதலில் இறங்கிய ரைஸ் குக்கர்

வந்த அன்று

விடுமுறைக்கு வருகிறவர்கள் காரிலிருந்து முதலில் பிள்ளைகளை இறக்குவார்கள், பிறகு பெட்டிகளை. கவிதா முதலில் இறக்கியது ஒரு ரைஸ் குக்கரை. துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டே ஜொகூரிலிருந்து வந்திருந்தார்.

கெடா மாநிலத்துச் செமிலிங்கில் நான் சமைக்கும் ஹோம்ஸ்டே வீடு பரமசிவம் அண்ணனுடையது. பீடோங்கில் மளிகைக் கடை வைத்திருப்பவர். அப்பா வாங்கிப் போட்ட பழைய வீட்டுக்குச் சாயம் அடித்து, ஏர்கோன் மாட்டி, குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுகிறார். ‘மூன்று வேளையும் வீட்டுச் சாப்பாடு’ என்று விளம்பரமும் போட்டிருக்கிறார். அந்த வீட்டுச் சாப்பாடு என் பொறுப்பு.

குக்கரைப் பார்த்ததும் அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

“என்னம்மா, சாப்பாடு சேத்துத்தானே புக் பண்ணீங்க? நம்ம சரசு சமையல் மேல நம்பிக்கை இல்லையா?”

“அப்படியெல்லாம் இல்ல அங்கிள்” என்று கவிதா இழுத்தார். அவர் கணவர் கணேஷ்தான் விஷயத்தைச் சொன்னார். “அண்ணே, மகளுக்கு றால் ஒத்துக்காது. கொஞ்சம் பட்டாலே உதடு வீங்கிடும், மூச்சு அடைச்சிக்கும். போன தடவ லீவுக்குப் போன எடத்துல, மீ கோரேங், சைவ நூடுல்ஸ்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. கிளினிக் வாசல்ல போய் நின்னோம்.”

“அதுக்கென்ன லா! றால் போடாம சமைச்சிட்டாப் போச்சு” என்றார் அண்ணன்.

கவிதா குக்கரைக் கீழே வைக்கவில்லை. எல்லா ஊரிலும் இதைத்தான் சொல்கிறார்கள் என்பது அவர் முகத்திலேயே இருந்தது. மகள் யாழினிக்கு எட்டு வயதிருக்கும். தோளில் ஒரு சின்னப் பை. உள்ளே பேனா மாதிரி ஓர் ஊசி மருந்து. குளிக்கப் போகும்போது தவிர அதை அவள் கழற்றி நான் பார்க்கவில்லை.

நான் வேலை பார்த்த அடுப்படிகள்

பண்டார் பாரு பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள் நான். ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. சுங்கை பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலை, பினாங்கில் கட்டட வேலைக்காரர்களின் கேண்டீன், கோயில் கோயிலாகப் போகும் யாத்திரை பஸ்ஸின் சமையல் என்று சுற்றியிருக்கிறேன். அரிசி மூட்டை மேல் படுத்துத் தூங்கியிருக்கிறேன். ஒரே அடுப்படியில் ரொம்ப நாள் நின்றதில்லை, கால் அப்படி. செமிலிங்குக்கு வந்தபோதும் துணிப்பையைக் கட்டிலுக்கு அடியில் பிரிக்காமல்தான் வைத்திருந்தேன்.

இடையில் தஞ்சோங் டாவாயில் பெலாச்சான் காயவைக்கும் வேலையும் பார்த்தேன். குட்டி றாலை உப்புப் போட்டு இடித்து, வெயிலில் பரப்பிக் காயவைப்பார்கள். அங்கே ரொஹானி என்று ஒரு மலாய்க்கார அக்கா. வேலைக்கு வந்து சில நாளிலேயே கையெல்லாம் தடித்து, கண் மூடிக்கொண்டது. மேஸ்திரி “மேனி மினுக்கி” என்று கிண்டல் செய்தான். மறுநாள் ரொஹானிக்கு மூச்சு இழுத்தபோது அவன்தான் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஓடினான். அதைக் கண்ணால் பார்த்தவள் என்பதால் கவிதாவின் குக்கரை என்னால் கேலி செய்ய முடியவில்லை.

அடுப்படியைக் காலி செய்தோம்

“நான் ஓரமா சோறு வடிச்சி, முட்டை பொரிச்சிக் கொடுத்துக்கறேன் சரசக்கா. எங்க போனாலும் அப்படித்தான். நீங்க கோவிச்சுக்காதீங்க” என்றார் கவிதா.

“நீங்க எப்ப சாப்பிடுவீங்க?”

“அவ சாப்பிட்டு முடிச்ச பிறகு, நின்னுக்கிட்டே ஏதாவது.”

லீவுக்கு வந்தும் அடுப்படியில் நிற்பதற்கு எதற்கு இத்தனை தூரம்? எனக்கு மனசு கேட்கவில்லை. “இன்னிக்கு மட்டும் உங்க குக்கர். நாளைக்கு என் அடுப்படிய நீங்களே வந்து பாருங்க. பிடிக்கலன்னா குக்கர் இருக்கவே இருக்கு” என்றேன்.

மறுநாள் காலையில் இரண்டு பேருமாக அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்தோம். காய்ந்த றால், சிப்பி சாஸ், சூப் கட்டி, மீன் உருண்டைப் பாக்கெட் எல்லாம் வெளியே போயின. உருண்டையில் மீனோடு என்ன சேர்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாததெல்லாம் வெளியே என்பது கவிதா வைத்த விதி. நல்ல விதி, இன்றைக்கும் அதை வைத்திருக்கிறேன்.

பெலாச்சான் டப்பாவை நான் வெளியே கொண்டுபோகும்போது பரமசிவம் அண்ணன் வாசலில் மறித்தார்.

“ஏய், அதை ஏன் எடுக்கற? அது றால் இல்ல லா, சம்பல் சாமான்!”

“அண்ணே, அது முழுசும் றால்தான்.”

“கங்கோங் கீரையில கூடப் போடறோமே!”

“அதனாலதான் சைவ மீ சாப்பிட்டுக் கிளினிக் போறாங்க.”

அண்ணன் டப்பாவை வாங்கி முகர்ந்து பார்த்தார், ஏதோ இத்தனை வருஷம் அது தன்னை ஏமாற்றிவிட்டது போல. அவர் மேல் குற்றமில்லை. நம் வீடுகளில் அதை உப்பு, புளி வரிசையில் வைத்துவிட்டோம். றால் கறி சமைத்தால்தான் றால் என்று கணக்கு.

பழைய குவாலிச் சட்டியும் மரக் கரண்டிகளும் மூட்டை கட்டப்பட்டன. கீறல் விழுந்த சட்டியில் பழசு ஒட்டியிருக்கும் என்றார் கவிதா. அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே கடையிலிருந்து புதுக் குவாலி, புதுக் கரண்டி, பிரிக்காத எண்ணெய் எல்லாம் கொண்டுவந்து இறக்கினார். “ஒரு பாப்பாவுக்கு ஒரு கடையே வருது” என்று சிரிக்கவும் செய்தார்.

எல்லாருக்கும் அதேதான்

ஹோம்ஸ்டே வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள்: இப்படிப்பட்ட குடும்பத்துக்கு என்ன சமைப்பது? என் பதில் சுலபம். ஒத்துக்காத பிள்ளைக்குத் தனியாகச் சமைக்காதீர்கள். தனிச் சட்டி வைத்தால் வேலையும் இரட்டிப்பு, கரண்டியும் மாறும். அந்தப் பிள்ளை எதைச் சாப்பிடலாமோ அதையே மேசை முழுக்க வையுங்கள்.

காலையில் வெங்காயம், தக்காளி, இஞ்சி, பூண்டை ஒரே தடவையாக நிறைய வதக்கி வைத்துவிடுவேன். மத்தியானம் அதில் கோழிப் பிரட்டல், ராத்திரிக்கு முட்டைக் குழம்பு. மசாலாத்தூளைப் பாக்கெட்டில் வாங்காமல் நானே வறுத்து அரைத்தேன். மீனே வாங்கவில்லை. பாசாரில் மீன் வெட்டுகிற அதே பலகையில்தான் றாலையும் உரிக்கிறார்கள். காலைக்குத் தோசை, தேங்காய்ச் சட்னி. வெளியே போகிற நாளில் எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் பொட்டலம் கட்டித் தாப்பாவ். மெர்போக் ஆற்றில் படகில் போனார்களே, அன்றைக்கு அதைத்தான் கட்டிக் கொடுத்தேன். படகுக்காரர் நீட்டிய பலகாரத்தை யாழினி கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றாளாம். “பெரிய மனுஷி மாதிரி” என்று கணேஷ் சொல்லிச் சிரித்தார். கவிதா சிரிக்கவில்லை.

முதல் மத்தியானம் யாழினி எல்லார் தட்டையும் எட்டிப் பார்த்தாள்.

“ஆண்டி, அப்பாவுக்கும் இதேவா?”

“அதேதான்.”

“அங்கிளுக்கு?”

“அவருக்கும்தான்.”

“பாவம்” என்றாள்.

குக்கர் இரண்டாம் நாளிலிருந்து மேசை ஓரத்தில் சும்மா இருந்தது. ஆனால் கவிதா மட்டும் உட்காரவில்லை. மகள் நாற்காலிக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்குப் போவதற்குள் இந்த அம்மா ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது எனக்குள் வைராக்கியமாகிவிட்டது.

கடைசி நாள் இலை

கடைசி நாள் மத்தியானம் வாழை இலைச் சாப்பாடு. வந்தவர்களோடு ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிடுவது பரமசிவம் அண்ணன் வழக்கம். “கவிதா, நீயும் உக்காரும்மா. எனக்கு எதிர்ல யாராச்சும் நின்னா எனக்குச் சோறு எறங்காது” என்று அதட்டினார். கவிதா தயங்கி, மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. ரசம் எடுக்க உள்ளே போனேன்.

திரும்பி வந்தால், அண்ணன் கையில் ஒரு பிஸ்கட் டின். எல்லார் இலையிலும் அப்பளம். யாழினி தன் அப்பளத்தைக் கையில் எடுத்துவிட்டாள்.

கெடாவில் நம் வீடுகளில் அந்த டின் எதற்கென்று எனக்குத் தெரியும். றால் சேர்த்துச் செய்கிற கெரோப்போக் வறுவலும் அதிலேதான், அப்பளமும் அதிலேதான்.

“யாழினி, கீழ வைம்மா!”

நான் போட்ட சத்தத்தில் பிள்ளை உறைந்துவிட்டாள். கவிதாவின் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“கடிச்சியா?”

“இல்லம்மா.”

“நாக்குல பட்டுச்சா?”

“இல்ல. கையில மட்டும்.”

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. “அப்பளம்தானேம்மா? உளுந்துல என்ன லா இருக்கு? இலையில அப்பளம் இல்லாம எப்படின்னு உங்க அண்ணி பொரிச்சிக் கொடுத்து விட்டா.”

“எதுல பொரிச்சாங்க அண்ணே?”

“எண்ணெயிலதான்!”

“அதே எண்ணெயில அதுக்கு முன்னாடி?”

 அவர் டின்னுக்குள் குனிந்து பார்த்தார். அடியில் உடைந்த றால் கெரோப்போக் தூள் கிடந்தது. டின்னை அப்படியே தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

கவிதா மகளைக் குழாயடிக்குக் கொண்டுபோய்ச் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவினார். சும்மா துடைத்தால் போகாது. ஊசிப் பேனா மேசை மேல் வந்தது. யாழினியின் உதட்டையும் கண்ணையும் பார்த்துக்கொண்டு நின்றோம். கணேஷ் கார் சாவியைக் கையில் பிடித்திருந்தார்.  ரசம் ஆறிக்கொண்டிருந்தது.

நெடுநேரத்துக்குப் பிறகு யாழினிதான், “அம்மா, எனக்கு ஒண்ணும் ஆகல, பசிக்குது” என்றாள்.

கவிதாவின் கை தானாகக் குக்கர் பக்கம் போனது. நான் தடுக்கவில்லை. தடுக்க எனக்கு என்ன உரிமை?

அப்போது பரமசிவம் அண்ணன் உள்ளே வந்தார். கை கழுவியிருந்தார், சட்டைகூட மாற்றியிருந்தார். நேராகத் தன் இலையிடம் போய், சோறும் குழம்புமாக அப்படியே மடித்தார். பிறகு கணேஷின் இலையை. பிறகு மற்ற இரண்டையும்.

“அண்ணே, நீங்க சாப்பிடுங்க. பாப்பா இலைய மட்டும் மாத்திக்கலாம்” என்றார் கணேஷ்.

“பந்தியில ஒரு இலைய எடுத்துட்டு மத்தவங்க திங்கறதா? எங்கப்பா இருந்தா செருப்பால அடிப்பாரு. எல்லாரும் எந்திரிங்க. முதல்லேருந்து உக்காருவோம்.”

அவரே மேசையைச் சவர்க்காரத் தண்ணீரால் இரண்டு தடவை கழுவினார். அவரே பின்பக்கம் போய்ப் புது இலை அறுத்து வந்தார். யாத்திரை பஸ்ஸில் படித்த பாடம் ஒன்று அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது: பெரிய பானையை மேசைக்குக் கொண்டுபோகக் கூடாது. கிண்ணங்களில் இருந்ததைக் கொட்டிவிட்டேன். அடுப்பின் மேல் இருந்தது யார் கையும் படாமல் அப்படியே இருந்தது.

கவிதா அடுப்படிக்கு வந்தார். “இதை யாராச்சும் தொட்டாங்களா அக்கா?”

“நான் மட்டும்தான்.”

“கை கழுவினீங்களா?”

“கழுவிட்டேன்.”

“இன்னொரு தடவ கழுவுங்க.”

கழுவினேன். பல முதலாளிகளிடம் ஏச்சு வாங்கியவள் நான். இந்தச் சொல் எனக்கு ஏச்சாகப் படவில்லை. ஒரு தாய் தன் மகளின் மூச்சை என் கையில் கொடுப்பதற்கு முன் அந்தக் கையைச் சரிபார்க்கிறார், அவ்வளவுதான். அவர் அப்படிக் கேட்டதற்காக இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

இரண்டாவது பந்தி போட்டோம். சோறு, பருப்பு, பயற்றங்காய், கோழிப் பிரட்டல். அப்பளம் இல்லை. முதல் வாயை மகள் விழுங்குவதைக் கவிதா பார்த்தார். இரண்டாவதையும் பார்த்தார். பிறகு தன் இலையில் கை வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, “அக்கா, எனக்கு ரசம்” என்று உள்ளங்கையைக் குழித்து நீட்டினார். ஊற்றினேன். உறிஞ்சிக் குடித்தார்.

யாழினி ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தாள். “அம்மா, நீ சாப்பிடும்போது இவ்வளவு சத்தம் போடுவியா?”

கணேஷ் முதலில் சிரித்தார், பிறகு எல்லாரும். பரமசிவம் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார், வேர்வை மாதிரி.

அதற்குப் பிறகு

வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். சாமானைப் பார்த்து ‘இதில் என்ன இருக்கிறது’ என்று கேட்டால் பாதிதான் தெரியும். ‘இதற்கு முன் இதில் என்ன இருந்தது’ என்றும் கேளுங்கள். எண்ணெய், சட்டி, கத்தி, பலகை, டின், கை எல்லாவற்றையும் கேளுங்கள். அன்போடு வருகிற தட்டைத்தான் முதலில் கேளுங்கள். யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை.

இப்போது புக்கிங் போன் வந்தால் பரமசிவம் அண்ணன் ஆள் எத்தனை என்று கேட்பதற்கு முன், “பிள்ளைகளுக்கு என்னம்மா ஒத்துக்காது?” என்று கேட்கிறார். அண்ணி அப்பளத்துக்கென்று தனிச் சட்டி வைத்திருக்கிறார். என் துணிப்பையும் எப்போதோ பிரிந்து, உடுப்புகள் அலமாரிக்குப் போய்விட்டன. எந்த நாளில் என்று எனக்கே நினைவில்லை.

அடுத்த பள்ளி விடுமுறைக்கு அவர்கள் மறுபடியும் வந்தார்கள். காரிலிருந்து முதலில் இறங்கியது யாழினி. “ஆண்டி, இன்னிக்கு ரசம் உண்டா?” என்று கத்திக்கொண்டே ஓடி வந்தாள். பிறகு பெட்டிகள் இறங்கின. எல்லாவற்றுக்கும் அடியில், துண்டில் சுற்றிய அந்த ரைஸ் குக்கரும் இருந்தது.

கவிதா என்னைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

“இருக்கட்டும்மா, காரிலேயே இருக்கட்டும்” என்றேன்.