சுவரில் இறங்கிய கோடு

கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் அவளுக்கு ‘பிரேக் அக்கா’ என்று பெயர். பழகுபவருக்குப் பக்கத்தில் பதினெட்டு வருடம் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்தவள். வேறு யாருடைய காரில் ஏறினாலும் அவள் கால் வெறும் தரையை மிதிக்கும். வலது மார்பில் இருப்பது புற்றுநோய்க் கட்டி என்று மருத்துவர் சொன்ன அன்றும் மிதித்தது. வண்டி ஓட்டிவந்த வீட்டுக்காரர் அழுதுகொண்டிருந்தார்.

“அழறதுன்னா ஓரமா நிறுத்திட்டு அழுங்க. இல்லேன்னா ரோட்டைப் பாருங்க.”

அறுவை முடிந்தது. மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, தொப்பி வாங்கிக்கொண்டாள். ‘தைரியமா இரு’ என்று சொல்ல வந்தவர்களைச் சும்மா உட்காரவிடவில்லை. நாத்தனார் துணி மடித்தாள், பக்கத்து வீட்டுக்காரர் ஒழுகும் குழாயைச் சரிசெய்தார். வந்தவர்களுக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

அவளுக்கு வேண்டியது பழைய இருக்கை. பழகுபவர் தடுமாறினால் வலது கையை வீசி ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். மருந்து ஏற்றிய மாதங்களில் அசதி என்று கைப்பயிற்சியை விட்டுவிட்டாள், தோள் இறுகிவிட்டது. பலரும் செய்கிற தப்புதான்.

மருத்துவமனையில் கைப்பயிற்சி சொல்லித்தரும் பெண் வீட்டுக்கு வந்து சமையலறைச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். “விரலைச் சுவத்துல மேல நடக்க விடுங்க. இதைத் தொட்ட பிறகுதான் வேலை.”

விரல்கள் தினம் இரண்டு வேளை எறும்பாய் ஊர்ந்தன. கோட்டைத் தொட இன்னும் நாலு விரல்கடை இருந்தது. மூன்று வாரம் அதே நாலு விரல்கடை. பேச்சு குறைந்தது, சாப்பாடும் குறைந்தது. பிறகு ஒரு காலை கோட்டைத் தொட்டுவிட்டாள். வீட்டுக்காரர் கொஞ்சம் அதிகமாகவே கைதட்டினார்.

அன்றே பள்ளிக்குப் போனாள். முதலாளி காலி மைதானத்தில் ஒரு பிளாஸ்டிக் கூம்பை நிறுத்திவிட்டு, தானே ஸ்டீயரிங்கைப் பிடித்தார். “அக்கா, நேரா கூம்பைப் பாத்துப் போறேன். பிரேக் கூடாது, கையால திருப்புங்க.”

கை பாதி வழியில் நின்றது. கூம்பு சக்கரத்தடியில் நசுங்கியது.

“கூம்புதானே, விடுங்கக்கா.”

“அந்த எடத்துல ஆள் நின்னிருந்தா?”

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தாள். கோட்டுக்கு நாலு விரல்கடை மேலே, ரப்பரால் அழித்த தடம்.

“என்னங்க, கோட்டை இறக்கினது நீங்களா?”

“நீ சாப்பிடாம கெடந்ததைப் பாக்க முடியல.”

“பழகறவங்களுக்காக நான் என்னிக்காவது கூம்பைத் தள்ளி வெச்சிருக்கேனா?”

“கட்டின புருஷன் பழகினப்பவே வெக்கல. மூணு தடவை ஃபெயில்.”

“நாலாவது தடவை பாஸ் ஆனீங்கல்ல? பென்சிலை எடுங்க.”

கோடு பழைய இடத்துக்கு ஏறியது. அன்றிலிருந்து அவருக்கும் வேலை உண்டு: பக்கத்தில் நின்று, அவள் தோளைக் காதுவரை தூக்கி ஏமாற்றாமல் பார்த்துக்கொள்வது. ஒன்பதாவது வாரம் விரல் கோட்டைத் தொட்டபோது அவர் கைதட்டவில்லை. ஸ்கேல் வைத்துப் பார்த்தார். மறுநாள் மைதானத்தில் கூம்பு தப்பியது.

மூன்று மாதத்துக்கு ஒரு பரிசோதனை இன்னும் இருக்கிறது. அடுத்தது என்ன சொல்லும் என்று யாருக்கும் தெரியாது. அந்த நாட்களில் அவர்தான் ஓட்டுகிறார். அவள் கால் வெறும் தரையை மிதிக்கிறது.

“அங்க பிரேக் இல்லம்மா.”

“உங்க பக்கம் இருக்குல்ல, மிதிங்க. சிவப்பு விழுந்தாச்சு.”